இலவசத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். போட்டோகாப்பி, பாஸ்போர்ட் படம், லேமினேட், டாப்-அப் கார்டு, அவ்ளோதான் என் யாவாரம். 22 வருஷம் ஆச்சு. தமிழ் முரசு தினம் படிக்கறேன், ஆனா லெட்டர் எழுதறது இதான் மொதத் தடவ, எழுத்துல தப்பு இருந்தா நீங்களே திருத்திக்குங்க. என்னைய எழுத வச்சது ஒரு பிளாஸ்டிக் ஃபைல், ஒரு குடும்பத்தோட பிஆர், அதாவது நிரந்தரவாச மனு ஃபைல்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம யீஷூன்ல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு. லாரி ஓட்டறவரு, இங்கயே பொறந்து வளந்தவரு, சம்சாரம் பட்டுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி ஒம்போது வருஷம், ரெண்டு புள்ளைங்க, ரெண்டும் சிட்டிசன். அந்தம்மா மட்டும் இன்னும் எல்டிவிபில இருக்காங்க, அதாவது நீண்டகால வருகை அனுமதி, அது முடியற மாசம் வந்தாலே வீட்ல யாருக்கும் சரியா தூக்கம் கெடையாதாம். பிஆருக்கு ரெண்டு தடவ போட்டு ரெண்டும் ரிஜெக்ட். ரெண்டு தடவையும் ஒரு கன்சல்டன்ட் மூலமாத்தான் போட்டிருக்காங்க, மொதத் தடவ 2,800 வெள்ளி, ரெண்டாவது தடவ "பழைய கஸ்டமர்"னு சொல்லி 2,200 வெள்ளி. மூணாவது தடவைக்கு இப்ப வேற ஆளு, 3,500 கேக்கறாங்களாம், ஆனா "கேரண்டி"யாம். அதுக்குத்தான் மொத்த ஃபைலையும் காப்பி எடுக்க வந்திருக்காரு.

அடுத்தவங்க காகிதத்த படிக்கக்கூடாதுதான், ஆனா காப்பி எடுக்கறப்ப கண்ணு போகாம இருக்குமா. அந்தம்மாவோட பொறப்புச் சான்றிதழ் தமிழ்ல மட்டும் இருக்கு, பழைய காலத்துது, பேனாவால கையில எழுதினது. அதுக்கு மொழிபெயர்ப்பு ஃபைல்ல எங்கயுமே இல்ல. அடுத்தது அப்பா பேரு. அந்தப் பேர்ல ஒரு ழ வருது, நம்ம ஆளுங்களுக்கு ழ ஒரு பெருமைன்னா ஆபீஸ் காகிதத்துல அது ஒரு தலவலி. பாஸ்போர்ட்ல இசட் ஹெச் போட்டிருக்கு, கல்யாண சர்டிபிகேட்ல ஒத்த எல், பள்ளிக்கூட டிசியில அப்பா பேரே கெடையாது, வெறும் இனிஷியல். தமிழ் தெரியாத ஆபீசர் பாத்தா அந்தம்மாவுக்கு மூணு அப்பாவான்னுதான் நெனப்பாரு. ரெண்டு தடவ காசு வாங்கின அந்த கன்சல்டன்ட் இத ஒரு தடவகூட கேட்டதில்லையாம். ஃபார்ம்ல என்ன எழுதினீங்கன்னு கேட்டா "அத நாங்க பாத்துக்கறோம் சார்"னு பதிலாம், காப்பிகூட குடுக்கல.

இதனாலதான் ரிஜெக்ட் ஆச்சுன்னு நான் சொல்ல வரல, குடிநுழைவு ஆணையம் ஐசிஏ காரணம் சொல்றதில்ல, யாரும் அடிச்சு சொல்ல முடியாது. ஆனா ஆங்கிலத்துல இல்லாத எந்தக் காகிதமா இருந்தாலும் மொழிபெயர்ப்பு வேணும், அது அந்த நாட்டுத் தூதரகம் செஞ்சதா இருக்கணும், இல்ல நோட்டரி பப்ளிக் செஞ்சதா இருக்கணும், இல்ல தனியாள் செஞ்சு அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் முத்திரை போட்டதா இருக்கணும், இது ஐசிஏ வெப்சைட்லயே போட்டிருக்கு. பேரு மூணு விதமா இருந்தா மூணும் ஒரே ஆளுதான்னு கமிஷனர் ஃபார் ஓத்ஸ், அதாவது பிரமாணத்துக்கு சாட்சி கையெழுத்துப் போடறவரு, அவரு முன்னாடி சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுக்கலாம். (ஒரு தம்பிகிட்ட இதச் சொன்னப்ப அவன் போலீஸ் கமிஷனர்னு நெனச்சுப் பயந்து ரெண்டு வாரம் கடைப்பக்கமே வரல.) அந்த அண்ணனுக்கு பிஆர் ஃபீஸ்னு ஐசிஏவுக்குப் போனது ஒரு தடவைக்கு 100 வெள்ளிதான், ரிஜெக்ட் ஆனா அது திரும்ப வராது, சரி போகட்டும். மிச்சம் 4,800ம் எதுக்குப் போச்சு? டைப் அடிச்சதுக்கா?

"கேரண்டி"ங்கற வார்த்தைய கேட்டாலே எனக்கு இப்பல்லாம் கோவம் வருது. வெளி ஏஜென்டுங்களோட எங்களுக்கு எந்த சம்பந்தமும் இல்ல, ஒவ்வொரு மனுவையும் அதோட தகுதிய வச்சுத்தான் பாக்கறோம்னு ஐசிஏ எத்தனையோ தடவ சொல்லியாச்சு. சிங்கப்பூர்ல குடும்பம் இருக்கா, என்ன வேலை, என்ன படிப்பு, வயசு என்ன, எத்தன வருஷமா இருக்காங்க, இதெல்லாம் சேத்துப் பாத்துத்தான் முடிவு. இதுல எவன் வந்து கேரண்டி குடுப்பான்?

யீஷூன் அண்ணன் குடும்பமாவது விண்ணப்பிக்க உரிமை இருக்கறவங்க. அதைவிட மோசமானத நான் பாத்திருக்கேன். ராமநாதபுரத்துத் தம்பி ஒருத்தன், கட்டுமான வேலை, ஒர்க் பர்மிட்ல எட்டு வருஷம். தொழிலாளர் தங்கற டாமிட்டரில யாரோ சொல்லி பிஆர் வாங்கித் தர்றோம்னு ஒருத்தன்கிட்ட 1,500 வெள்ளி கட்டிட்டு, "படம் எடுங்கக்கா, பிஆருக்கு"ன்னு சிரிச்ச மூஞ்சியோட வந்து நின்னான். ஒர்க் பர்மிட்ல இருக்கறவங்க அந்த வேலைய வச்சு பிஆருக்கு மனுவே போட முடியாது. எஸ் பாஸ், இபின்னு அதுக்கு மேல்நிலை வேலை பாஸ்ல இருக்கறவங்க போடலாம், சிட்டிசனோட இல்ல பிஆரோட கணவன் மனைவி போடலாம், அவங்களோட 21 வயசுக்குக் கீழ உள்ள கல்யாணமாகாத புள்ளைங்க போடலாம், சிட்டிசனோட வயசான அப்பா அம்மா போடலாம். எட்டு வருஷம் என்ன, பதினெட்டு வருஷம் வேர்வ சிந்தினாலும் பர்மிட் பர்மிட்தான். இது நியாயமா இல்லையான்னு வேற லெட்டர்ல பேசலாம். ஆனா இதச் சொல்றதுக்கு ஒரு நிமிஷம் போதும், அந்த ஒரு நிமிஷத்துக்கு யாருமில்லாமத்தான் அவன் ரெண்டு மாச சம்பளத்த குடுத்திருக்கான். ரசீது கேட்டேன், காட்டினான். நோட்டுப் புத்தகத்துல கிழிச்ச தாளு, கம்பெனி சாப், அதாவது முத்திரை, கெடையாது, மேல ஒரு பிள்ளையார் சுழி மட்டும் சுத்தமா போட்டிருந்தான்.

அன்னிக்கு நான் படம் எடுக்கல. அந்தத் தம்பி மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இன்னொன்னு, கல்யாண விஷயம். ஒர்க் பர்மிட்ல இருக்கறவங்க, முன்னாடி இருந்தவங்களும் சேத்துத்தான், சிங்கப்பூர் சிட்டிசனையோ பிஆரையோ கட்டிக்கணும்னா முன்கூட்டியே மனிதவள அமைச்சு எம்ஓஎம்மோட அனுமதி வாங்கணும். இங்க ரிஜிஸ்டர் பண்ணினாலும் சரி, ஊருக்குப் போய் குலதெய்வக் கோயில்ல தாலி கட்டினாலும் சரி. இது நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. தாலிய கட்டிட்டு அப்பறமா எல்டிவிபிக்குப் போட்டு, வராம, பொண்ணு இங்க மாப்பிள்ள அங்கன்னு வீடியோ கால்ல குடும்பம் நடத்தறவங்க என் கஸ்டமர்லயே மூணு பேர் இருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே எல்டிவிபி கெடைக்க வாய்ப்பு எப்படின்னு ஐசிஏகிட்ட கேட்டுப் பாக்கற வசதியும் 2015லருந்தே இருக்கு, பிஎம்எல்ஏன்னு பேரு. பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி நல்ல நாள் பாக்கறோம், ஜாதகம் பாக்கறோம், இத யாரும் பாக்கறதில்ல.

இதுல ஒண்ண நேர்மையா சொல்லணும். இந்த வேலையில பாதிக்கு லாயரே தேவையில்ல. விவரம் தெரிஞ்ச ஒரு ஆளு, பொறுமை, தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்ச ரெண்டு கண்ணு, அது போதும். ஆனா மிச்சப் பாதிக்கு கட்டாயம் லாயர் வேணும், அங்கதான் கஷ்டமே. பாஸ் முடிஞ்சு தங்கிட்டவங்க இருக்காங்க. 90 நாளுக்கு மேல ஓவர்ஸ்டே ஆச்சுன்னா ஆம்பளைங்களுக்கு ஜெயிலோட கொறஞ்சது மூணு பிரம்படி. "இன்னும் கொஞ்ச நாள் ஒளிஞ்சிரு, வழி பண்றேன்"னு ஒரு ஏஜென்ட் சொல்ற ஒவ்வொரு நாளும் அந்தத் தொண்ணூற நோக்கித்தான் போகுது. லாயரா இருந்தா மொத நாளே போய் ஆஜராகுன்னு சொல்லிருப்பாரு. அதே மாதிரி பொய் சர்டிபிகேட். ஏஜென்ட் படிப்ப ஏத்தி எழுதிருவான், சம்பளத்த ஏத்தி எழுதிருவான், கையெழுத்து மட்டும் நம்மளுது. பொய்த் தகவல் குடுத்தா 12 மாசம் வரைக்கும் ஜெயிலு, 4,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டுமே சேந்தும் வரலாம். ஏஜென்ட் எழுதினாருன்னு சொல்லி தப்பிக்கறது சுலபமில்ல.

சரி, லாயர்கிட்ட போலாம்னா? எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்காக ரெண்டு மூணு ஆபீசுக்கு நானே ஃபோன் போட்டேன். புருஷன் வீட்ட விட்டு அனுப்பிட்டான், எல்டிவிபி அவன் ஸ்பான்சர்ல இருக்கு, கைல நாலு வயசுப் புள்ள. ஒரு எடத்துல உக்காந்து பேசவே 400 வெள்ளின்னாங்க, கேஸ் எடுத்தா ஐயாயிரத்துல ஆரம்பமாம். அந்தப் பொண்ணு வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பினது "அக்கா என் கிட்ட 63 வெள்ளி இருக்கு" அவ்ளோதான். லாயருங்கள கொற சொல்லல, அவங்களுக்கும் வாடகை இருக்கு, படிச்ச கடன் இருக்கு.

இலவசம் இல்லாமயும் இல்ல. லீகல் எய்ட் பீரோ 1958லருந்து நடக்குது, நல்ல சேவை, ஆனா அது சிட்டிசனுக்கும் பிஆருக்கும்தான், அதுவும் விவாகரத்து, சொத்து மாதிரி சிவில் விஷயத்துக்கு. 2022 டிசம்பர்ல பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீஸ் வந்துச்சு, கிரிமினல் கேசுக்கு, அதுவும் சிட்டிசனுக்கும் பிஆருக்கும்தான். பிஆர் வாங்கறதுக்கு உதவி கேட்டா, மொதல்ல பிஆரா இருக்கணும்! என் புருஷன் இதக் கேட்டுட்டு "வேல வேணும்னா அனுபவம் வேணும், அனுபவம் வேணும்னா வேல வேணும், அந்தக் கததான்"னாரு. வெளிநாட்டுக்காரங்களுக்கு கிரிமினல் கேஸ்னா புரோ போனோ எஸ்ஜிங்கற இலவச சட்ட உதவி அமைப்பு நடத்தற கிளாஸ்னு ஒரு திட்டம் இருக்கு, வசதியில்லாதவங்களுக்கு வாலண்டியர் லாயர் வர்றாங்க. அவங்களோட லீகல் கிளினிக்குகளும் இருக்கு, ஆனா அங்க ஆலோசனை மட்டும்தான், கொஞ்ச நேரம் பேசலாம், லெட்டர் எழுதித் தர மாட்டாங்க, கூட வர மாட்டாங்க. பொம்பளைங்களுக்கு அவேர் ஹெல்ப்லைன் இருக்கு, அந்தப் பொண்ண கடைசில அங்கதான் பேச வச்சேன், நல்லபடியா பேசினாங்க, அப்பாயின்ட்மென்ட் குடுத்தாங்க. தொழிலாளிங்களுக்கு டிடபிள்யூசி2, ஹோம், மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர்னு உதவி அமைப்புங்க இருக்கு. டிடபிள்யூசி2 ஆளுங்க 2008லருந்து இங்க லிட்டில் இந்தியாவுல கேஸ் முடியற வரைக்கும் தங்கக் குடுக்கற ஸ்பெஷல் பாஸ்ல கெடக்கற தம்பிங்களுக்கு சாப்பாடு போடறாங்க, சாப்பிட வர்றவன்கிட்டயே கேசையும் விசாரிக்கறாங்க, அதப் பாத்துத்தான் எனக்கு இந்த யோசனையே. சம்பள பாக்கிக்கு லாயரே வேணாம், டிஏடிஎம்ங்கற தகராறு தீர்க்கற அமைப்புல சமரசம், முடியலன்னா வேலை கோரிக்கை நடுவர் மன்றம், அங்க லாயர உள்ளயே விட மாட்டாங்க, 2017லருந்து அப்படித்தான். சிட்டிசன் குடும்பமா இருந்தா மக்கள் சந்திப்புக்குப் போய் எம்பிகிட்ட லெட்டர் கேக்கலாம், காசு கெடையாது, வாரா வாரம் புளோக்குக்குக் கீழயே நடக்குது.

ஆக இலவசம் ஒரு பக்கம், அது எல்லாத்தையும் தொடாது, எல்லாரையும் சேக்காது. மூவாயிரம் ஐயாயிரம் இன்னொரு பக்கம். நடுவுல அம்பது வெள்ளிக்கு, நூறு வெள்ளிக்கு ஒருத்தர் உக்காந்து ஃபைல பிரிச்சு, தமிழ்ல பேசி, "இது இல்ல, இது தப்பு, இதுக்கு லாயர் வேணும், இதுக்கு வேணாம், உனக்கு இது கெடைக்கவே கெடைக்காது, காசக் குடுத்து ஏமாறாத"ன்னு சொல்ற எடம் ஒண்ணுமில்ல. அந்தக் காலி எடத்துலதான் கேரண்டிக்காரங்க கடை விரிக்கறாங்க. நம்ம ஆளுங்க பிச்ச கேக்கல சார், அம்பது நூறு குடுக்க ரெடியா இருக்காங்க, இல்லன்னா 3,500 எங்கருந்து பொரட்டினாங்க?

என் தங்கச்சி மக நியூஜெர்சில இருக்கா. அவகிட்ட இத பொலம்பினப்ப அங்கயும் இதே கதைதான்னு சொன்னா. அங்க குடிநுழைவு கேசுக்கு கவர்மென்ட் லாயர் வச்சுத் தராதாம், காசிருந்தா வச்சுக்கோ அவ்ளோதான். மெக்சிகோ பக்கத்து ஆளுங்கள "நோட்டாரியோ"ன்னு போர்டு போட்டு ஏமாத்தறானுங்களாம், அவங்க ஊருல அந்தப் பேரு பெரிய சட்டம் படிச்சவருக்கு, அமெரிக்காவுல நோட்டரின்னா கையெழுத்துக்கு சாட்சி முத்திரை குத்தறவரு மட்டும்தான். நம்ம தம்பி கமிஷனர்னா பயந்தான், அவங்க நோட்டாரியோன்னா நம்பறாங்க, வார்த்தைதான் ரெண்டு எடத்துலயும் ஆள சாய்க்குது. ஆனா அங்க ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கு. லாயர் இல்லாதவங்களையும் பயிற்சி குடுத்து, லாப நோக்கம் இல்லாத ஒரு அமைப்புல வேலை செஞ்சா மட்டும், நீதித்துறையே அங்கீகாரம் குடுக்குது. சில பேருக்கு மனு போட மட்டும் அனுமதி, சில பேருக்கு குடிநுழைவு நீதிமன்றத்துல நின்னு பேசவே அனுமதி. யார் யாருக்கு அங்கீகாரம் இருக்குன்னு லிஸ்ட் வெப்சைட்லயே பாக்கலாம். கேத்தலிக் சாரிட்டீஸ் மாதிரி எடங்கள்ல இப்படி ஆளுங்க இருக்காங்களாம், லாயர் வாங்கறதுல ஒரு சின்னப் பங்குதான் வாங்கறாங்களாம், இல்லாதவங்களுக்கு அதுலயும் கொறப்பாங்களாம். ஆஸ்திரேலியாவுல குடிநுழைவு ஆலோசனை சொல்லிக் காசு வாங்கணும்னா லாயரா இருக்கணும், இல்ல பதிவு பண்ணின ஏஜென்டா இருக்கணும். நம்ம ஊர்லயும் வேலைக்கு ஆள் எடுத்துத் தர்ற ஏஜென்சிக்கு எம்ஓஎம் லைசென்ஸ் கட்டாயம், தொழிலாளிகிட்ட ஒரு வருஷத்துக்கு ஒரு மாச சம்பளம், மொத்தத்துல ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு வரம்பு வேற இருக்கு. பிஆர், எல்டிவிபி எழுதித் தர்றோம்னு வர்றவங்களுக்கும் அந்த மாதிரி ஒரு வரம்பு, ஒரு பதிவு, எழுதின ஃபார்மோட காப்பிய கஸ்டமருக்குக் கட்டாயம் குடுக்கணும்னு ஒரு விதி, இத எம்பிங்க யாராச்சும் நாடாளுமன்றத்துல கேக்கக்கூடாதா?

அது வர நாளாகும். அதுவரைக்கும் நம்ம சமூக அமைப்புங்க, கோயிலுங்க, பள்ளிவாசலுங்க, வக்கீலுக்குப் படிக்கற நம்ம புள்ளைங்க சேந்து ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு மேஜை போடலாம். ஞாயிறுதான் சரி, தம்பிங்களுக்கு லீவு அன்னிக்குத்தான், வேற நாள்ல டாமிட்டரிலருந்து வர முடியாது. ஒரு நிஜ லாயர் இருக்கணும், அது முக்கியம், இல்லன்னா நாமளே இன்னொரு ஏஜென்ட் ஆயிருவோம், லாயர் இல்லாதவங்க லாயர் வேல பாத்தா அது இங்க குத்தம். மத்தவங்க காகிதத்த அடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், எங்க போகணும்னு சொல்லலாம். ஆளுக்கு அம்பது வெள்ளி, இல்லாதவங்களுக்கு சும்மா. காப்பி எடுக்கற செலவு என்னோடது, மெஷின் நம்மளுது, பேப்பர் நம்மளுது. மேஜை போட என் கடைக்குள்ள எடமில்ல, அஞ்சடியில, அதாவது கடைக்கு முன்னாடி இருக்கற நடைபாதைலதான் போடணும், அதுக்கும் பெர்மிட் வேணும்னு நெனைக்கறேன், பாருங்க எங்க போனாலும் பெர்மிட்.

இத ஏன் உங்களுக்கு எழுதறேன்னா, இந்த வேலைய மொதல்ல எடுத்துச் செஞ்சது உங்க பத்திரிகைதான். ஊரு ஊருன்னு இருந்த நம்ம ஆளுங்கள, இங்க குடியுரிமை எடுத்துக்குங்கன்னு அம்பதுகள்ல விடாம எழுதினவரு முரச ஆரம்பிச்ச கோ. சாரங்கபாணி. எங்க தாத்தா துறைமுகத்துல மூட்ட தூக்கினவரு, படிக்கத் தெரியாது, யாரோ படிச்சுக் காட்டி, யாரோ ஃபார்ம் எழுதிக் குடுத்து, கைநாட்டு வச்சுத்தான் 1957 சட்டத்துல சிட்டிசன் ஆனாரு. எழுதிக் குடுத்தவருக்கு குடிக்க ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தாராம், அத சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தக் கோப்பிலதான் நான் இன்னிக்கு சிவப்பு பாஸ்போர்ட் வச்சிருக்கேன். முரசுல வாரம் ஒரு பத்தி, எந்த பாஸ்ல இருக்கறவங்க எதுக்கு மனு போடலாம், என்ன காகிதம், எங்க இலவசம், இத மட்டும் நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல போடுங்க. நான் வெட்டி லேமினேட் பண்ணிக் கடைல மாட்டறேன்.

யீஷூன் அண்ணன் 3,500ஐ கட்டல. அவரு ஃபைல் என் கல்லாப்பெட்டிக்குக் கீழ இருக்கு. மொழிபெயர்ப்பு வியாழக்கெழம நோட்டரிகிட்டருந்து வருது, பேரு விஷயத்துக்கு சத்தியப் பிரமாணம் எழுதியாச்சு. சனிக்கெழம ராத்திரி கடைய சாத்தினப்பறம் அவரும் சம்சாரமும் வர்றாங்க, அவரு சிங்பாஸ்ல, அதாவது அரசாங்க ஆன்லைன் கணக்குல ஏறி அவங்களே டைப் பண்ணப் போறாங்க. அந்தம்மா ஊர்ல டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவங்களாம், ரெண்டு தடவ போட்டதுலயும் அது இருந்துச்சான்னு அவங்களுக்கே தெரியாது. இந்தத் தடவ அத அவங்க கையாலயே அடிக்கட்டும்.

இப்படிக்கு,
தேக்கா போட்டோகாப்பி கடைக்காரம்மா